சங்குச் சத்தத்துக்குச் சோறு வடித்த ஊர்

ஓட்டல் தொழிலில் கைப்பக்குவம் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். நேரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. சாம்பார் எவ்வளவு மணத்தாலும், பசி எடுத்த வேளைக்கு இலைக்கு வராவிட்டால் அடுப்பில் எரிந்த விறகு வீண்தான். விருதுநகர்ப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையின் கல்லாவில் உட்கார்ந்தே தலை நரைத்தவன் நான். கடைக்கு எதிரில் பஸ் நிற்கும். எந்த பஸ் எத்தனை மணிக்கு வரும், எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை வைத்துத்தான் உலை ஏற்றுவோம். கடையை மகன் கையில் ஒப்படைத்த பிறகு ஊர் ஊராகப் போய்ச் சாப்பிடுவது வழக்கமாகிவிட்டது. புது ஊரில் கால் வைத்ததும், இங்கே எத்தனை மணிக்கு அடுப்பு பற்றவைக்கிறார்கள் என்றுதான் முதலில் விசாரிப்பேன். யார் எப்போது வேலைக்குப் போகிறார்கள், யார் தூங்காமல் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

வட சென்னைக்கு என்னைக் கூப்பிட்டவன் என் கடையில் சப்ளையராக இருந்து வளர்ந்த பையன். இப்போது திருவொற்றியூரில் சொந்தமாக டிபன் கடை வைத்திருக்கிறான். "அண்ணாச்சி, ஒரு தடவை வந்து கடையைப் பாத்துட்டுப் போங்க. ஒரு யோசனையும் கேக்கணும்" என்று போனில் சொன்னான். என்ன யோசனை என்று கேட்டதற்கு, நேரில் சொல்கிறேன் என்றான்.

எழும்பூரில் பைக்கோடு நின்றான். நேராக அவன் கடைக்குப் போகாமல் பெரம்பூர்ப் பக்கம் வண்டியைத் திருப்பச் சொன்னேன். பின்னி மில் இருந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. பின்னி மில் என்று ஊர் சொன்ன அந்த பக்கிங்காம் அண்ட் கர்நாடிக் மில் 1996-ல் மூடப்பட்டது. இப்போது அங்கே உயர உயர அடுக்குமாடிகள் எழும்பி நிற்கின்றன. பார்க்க ஒன்றுமில்லை என்று தம்பி சொன்னான். ஆனால் சோறு போட்டுப் பிழைக்கிறவன் யாரும் மறக்கக் கூடாத ஒரு சண்டை அந்த மண்ணில்தான் நடந்தது. அந்த மில் தொழிலாளர்களுக்கு மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்தான் கொடுத்தார்கள். அதற்குள் கை கழுவி, கொண்டுவந்த சோற்றை அள்ளி விழுங்கி, மறுபடி மெஷின் முன்னால் போய் நிற்க வேண்டும். செல்வபதி செட்டியாரும் ராமாஞ்சுலு நாயுடுவும் இந்தக் குறையை அன்னி பெசன்ட்டின் நியூ இந்தியா பத்திரிகையில் இருந்த பி.பி. வாடியாவிடம் கொண்டுபோனார்கள். 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அதன் ஆரம்பக் கோரிக்கைகளில், உட்கார்ந்து சாப்பிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும் என்பது முன்வரிசையில் நின்றது.

கல்லாவில் இருந்தவனுக்கு அந்த அரை மணி என்னவென்று தெரியும். பஸ்ஸில் இறங்குகிறவனுக்கும் அவ்வளவு நேரம்தான். கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரை ஊற்றினால் அவனால் வாயில் வைக்க முடியாது. ஊதி ஊதியே பாதி நேரம் போய்விடும். அதனால் பஸ் வருவதற்கு முன்னாலேயே சாம்பாரை இறக்கி, அகலமான வாளிகளில் மாற்றி, விரல் பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்துவிடுவோம். ரசம் மட்டும் சூடாக இருக்கும், ஏனென்றால் ரசத்துக்கு வருவதற்குள் அவன் பசி அடங்கியிருக்கும். இதையெல்லாம் எந்தச் சமையல் புத்தகமும் எழுதுவதில்லை.

ராயபுரம் ரயில் நிலையத்துக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. உயரமான தூண்களோடு நிற்கும் அந்தக் கட்டடம் 1856-ல் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை போனது. இந்தியாவில் இன்றும் நின்றுகொண்டிருக்கும் நிலையக் கட்டடங்களில் பழையது இதுவே என்கிறார்கள். 1873-ல் சென்ட்ரல் வந்ததும் ஊரின் கவனம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. இப்போது கும்மிடிப்பூண்டி மின்சார ரயில்கள் நின்று போகின்றன. கூடையும் பையுமாகப் பெண்கள் இறங்குகிறார்கள்.

நிலையத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். கடைக்காரருக்கு என் வயதிருக்கும். துறைமுகத்தை நம்பியே கடை வைத்தவர். வியாபாரம் எப்படி என்று கேட்டேன்.

"முன்னல்லாம் கப்பல்லேர்ந்து மூட்டை எறக்குவாங்க அண்ணாத்தே. ஒரு கப்பலு வந்துச்சின்னா இங்க உக்கார எடம் இருக்காது. இப்போ பொட்டி பொட்டியா வருது. கிரேன் தூக்குது. கிரேன் வந்து டீ குடிக்குமா?"

பெட்டி என்று அவர் சொன்னது கண்டெய்னரை. இந்தியாவிலேயே முதன்முதலாகக் கண்டெய்னருக்கென்று தனி முனையம் 1983-ல் இந்தத் துறைமுகத்தில்தான் வந்தது. அதோடு முதுகில் மூட்டை சுமந்தவர்களின் கூட்டம் மெல்ல மெல்லக் கரைந்தது. அவர்களுக்குச் சோறு போட்ட கடைகளும் அப்படியே. நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் இங்கே கையாண்ட காலத்தில் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தே வைக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் உள்ளே கரி படிந்துவிடுமாம். உயர் நீதிமன்றம் தலையிட்டு 2011-ல் அந்தச் சரக்குகள் எண்ணூருக்குப் போயின. தூசி போனதில் அவருக்கு மகிழ்ச்சி. தூசியோடு வேலைக்காரர்களும் போனார்கள் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

கடல் எங்கே என்று கேட்டால் கருங்கல் குவியலைக் காட்டுகிறார்கள். துறைமுகத்தின் சுவர் கடலுக்குள் நீண்ட பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே தடைபட்டு நின்றுவிட்டது. அந்த மணலில்தான் மெரினா அகலமானது. மணல் வராத வடக்குப் பக்கத்தில் கடல் கரையைத் தின்றுகொண்டே உள்ளே வந்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கல் கொட்டித்தான் வீடுகளைக் காப்பாற்றியிருக்கிறார்கள். மெரினாவில் காற்று வாங்கிச் சுண்டல் தின்னும்போது அந்த மணல் யாருக்குப் போக வேண்டியது என்பதை ஒருவராவது பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

துறைமுகத்துக்குப் போகும் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். வரிசை எப்போது நகரும் என்று ஓட்டுநருக்கே தெரியாது. இறங்கிக் கடைக்குப் போனால் இடம் போய்விடும். அதனால் கடை அவரைத் தேடி வருகிறது. தூக்குவாளியும் பையுமாக ஒரு பெண் லாரி லாரியாக நடந்து, ஜன்னலுக்கு எட்டிப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தார். மேலே இருந்து ஒரு கை பணத்தை நீட்டியது. பொட்டலத்தை வாங்கிய ஓட்டுநர், "குழம்பு தனியா கட்டியிருக்கியாம்மா?" என்று மட்டும் கேட்டார். லாரி குலுங்கும், கலந்து கட்டினால் ஊறிப்போகும், அவர் எப்போது பிரிப்பார் என்று யாருக்கும் தெரியாது. அந்த அம்மாவுக்கு அது தெரிந்திருந்தது. தனியாகத்தான் கட்டியிருந்தார்.

மாலையில் பீச் ஸ்டேஷன் எதிரில் இரண்டாவது கடற்கரைச் சாலைப் பக்கம் போனோம். பர்மா உணவான அத்தோ விற்கும் கடைகள் பரபரப்பாக இருந்தன. ஆபீஸ் விட்டு ரயில் ஏறுகிறவர்கள், பர்மா பஜாரில் சாமான் வாங்க வந்தவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று எல்லாரும் நின்றபடியே சாப்பிடுகிறார்கள். நான் கடைக்காரரின் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். மஞ்சள் நிற நூடுல்ஸ் ஒரு பிடி, மெல்லிசாகச் சீவிய கோஸ், வெங்காயம், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பூண்டு வதக்கிய எண்ணெய். மேலே பேஜோ என்கிற மொறுமொறுப்பை நொறுக்கிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, கையாலேயே புரட்டி எடுத்தார். கரண்டி கிடையாது. கையால் புரட்டினால்தான் புளி எல்லா இழையிலும் ஏறும். பக்கத்தில் வாழைத்தண்டு போட்ட சூப் கொதித்துக்கொண்டிருந்தது. அவித்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயத்தையும் பூண்டு எண்ணெயையும் வைத்து நீட்டினார். ஒரே வாயில் போட வேண்டும் என்று தம்பி சொல்லிக்கொடுத்தான்.

இந்த ருசி விரும்பி வந்த ருசி இல்லை. 1962-ல் பர்மாவில் நெ வின் ஆட்சியைப் பிடித்தார். அதற்கப்புறம் கடை கண்ணிகளை அரசு எடுத்துக்கொண்டது. பல தலைமுறையாக ரங்கூனில் தொழில் செய்த தமிழ்க் குடும்பங்கள், சேர்த்த சொத்தையெல்லாம் விட்டுவிட்டுக் கப்பல் ஏறின. இதே துறைமுகத்தில்தான் இறங்கினார்கள். வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் அவர்களுக்குக் குடியிருப்புகள் வந்தன. 1969-ல் துறைமுகத்தை ஒட்டிப் பர்மா பஜார் உருவானது. சுங்கத்தில் எதைப் பறித்துக்கொண்டாலும் கைப்பழக்கத்தைப் பறிக்க முடியாது. பூண்டை எந்தப் பதத்தில் எண்ணெயில் போட வேண்டும், எப்போது இறக்க வேண்டும் என்பது அவர்களோடு கரை இறங்கியது. எனக்குத் தெரிந்த நல்ல சமையல்காரர்களில் பலர் ஏதோ ஓர் ஊரை விட்டு வர நேர்ந்தவர்கள்தான்.

கொஞ்சம் உள்ளே நடந்தால் ஆச்சாரப்பன் தெரு. உடுப்பிப் பக்கத்திலிருந்து வெறுங்கையோடு வந்து, சமையல்கட்டில் எடுபிடியாக வேலை பார்த்த கே. கிருஷ்ணராவ் தன் ஓட்டல் வாழ்க்கையை இந்தத் தெருவில்தான் தொடங்கினார். 1938-ல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஆரம்பித்தவர் அவர். ஏ.எம். புகாரி கொழும்பில் தொழில் பழகி வந்து, 1951-ல் மவுண்ட் ரோட்டில் கடை திறந்தார். 1965-ல் அந்தக் கடையில் வந்த சிக்கன் 65 இன்று தமிழ்நாட்டில் நுழையாத ஊர் இல்லை. இவர்கள் இரண்டு பேரையும் நான் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் தொழிலில் அவர்கள் பெயரைச் சொல்லும்போது பழைய ஆட்கள் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துவிடுவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன்.

மண்ணடியில் தங்கிவிட்டு, விடிவதற்கு வெகுநேரம் முன்னால் காசிமேட்டுக்குப் போனோம். ஊர் உறங்கும் நேரத்தில் அங்கே பகல் போல விளக்கு எரிகிறது. லாஞ்சுகள் வந்து நிற்கின்றன. ஐஸ் உடைக்கும் சத்தம், வழி விடச் சொல்லும் கூச்சல், தரையெல்லாம் மீன்தண்ணி. வஞ்சிரம், சங்கரா, வவ்வால், பாறை, நெத்திலி, கடம்பா என்று கூடை கூடையாக ஏலம் போகிறது. ஏலம் விடுகிறவர் விலையை ஒரு மூச்சில் சொல்லிக்கொண்டே போகிறார். எடுக்கிறவர் கண்ணசைத்தால் போதும், கூடை நகர்ந்துவிடும். பெண்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஒரு கூடையை எடுத்து, அங்கேயே பங்கு பிரித்து, கூறு கட்டுகிறார்கள். ஒரு கூற்றுக்கு முன்னால் குனிந்து சங்கராவின் செவுளை விலக்கிப் பார்த்தேன்.

"இன்னாண்ணே, அப்படிப் பாக்குற? ராத்திரி கடல்ல இருந்த மீனு. நீ ஓட்டல்காரரா?" என்றார் அந்த அம்மா.

"எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"வூட்டுக்கு வாங்குறவங்க மீனோட கண்ணைப் பாப்பாங்க. ஓட்டல்காரங்கதான் செவுளைத் தூக்கிப் பாத்துட்டு, அளவு ஒண்ணா இருக்குதான்னு பாப்பாங்க."

சரியாகச் சொன்னார். இலைக்கு இலை துண்டு ஒரே அளவில் விழ வேண்டும் என்பது எங்கள் கவலை.

அந்த நேரத்தில் அங்கே சாப்பிடக் கிடைக்கிறதா என்பதுதான் எனக்குக் கேள்வி. கிடைத்தது. ஏலக் கூடத்துக்கு வெளியே ஒரு பாட்டி இட்லிப் பானையோடு உட்கார்ந்திருந்தார். வடகறி, தேங்காய்ச் சட்னி, நெத்திலிக் குழம்பு. நான் கேட்காமலே குழம்பை ஊற்றினார். ஏலத்துக்கு வரும் பெண்களுக்கு இதுதான் நாஷ்டா. அவர்கள் கூடையோடு முதல் பஸ்ஸைப் பிடித்து ஊருக்குள் போய் உட்கார்ந்தால் மதியம் வரை எழுந்திருக்க முடியாது. அதனால் இட்லி கொஞ்சம் கெட்டியாகத்தான் இருக்கும். பூப்போல இருந்தால் பத்து மணிக்கே பசிக்கும் என்றார் பாட்டி. மென்மையான இட்லியே நல்ல இட்லி என்று நினைக்கிற எங்கள் தொழில்காரர்கள் ஒருமுறை காசிமேட்டுக்குப் போய்வர வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரிக்கும் காலம். அந்த நாட்களில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். படகை மராமத்து பார்க்கிறவர்கள் பகலில் வருவார்களாம், அவர்களுக்காகக் கடையைக் காலை ஏழு மணிக்கு மாற்றிக்கொள்வாராம். கடல் திறந்ததும் மறுபடி நடுராத்திரி. பாட்டியிடம் கைக்கடிகாரமோ செல்போனோ இருந்ததாகத் தெரியவில்லை.

ஐந்து மணிக்குள் திருவொற்றியூரில் தம்பியின் கடையில் இருந்தோம். இரண்டு மேசை போட்ட சின்ன இடம். ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஐந்தேகாலிலிருந்து வரத் தொடங்குகிறார்கள். அவர்களுக்கு நாற்காலி தேவைப்படவில்லை. வாசலிலேயே நின்று, தட்டைக் கையில் ஏந்தி, நாலு இட்லியைச் சாம்பாரில் மூழ்கடித்து விழுங்கிவிட்டு ஓடுகிறார்கள். ஒரு ஈடு இறக்கும்போது அடுத்த ஈட்டுக்கு மாவு ஊற்றிய தட்டு தயாராக இருக்க வேண்டும். நடுவில் இடைவெளி விழுந்தால் வரிசை பக்கத்துக் கடைக்கு நகர்ந்துவிடும். தம்பி ஒரு கண்ணை அடுப்பிலும் ஒரு கண்ணைத் தெருவிலும் வைத்திருந்தான். அவன் என்னிடம் கற்றுக்கொண்டது வீண்போகவில்லை என்று பார்க்கும்போதே தெரிந்தது. கல்லாப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, போனில் வந்த பணத்தை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. ஐந்து ஐம்பதுக்கு எல்லாம் ஓய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் வந்தார்கள். அவர்கள் உட்கார்ந்தார்கள். தோசை கேட்டார்கள். ஓடுகிறவனுக்கு இட்லி, ஓய்ந்தவனுக்கு தோசை.

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகும் இந்தச் சாலையின் சோறே தொழிற்சாலைச் சங்கில் வெந்த சோறு. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் எண்ணூரில் தொடங்கியது இன்றைய அசோக் லேலண்ட். 1955-ல் என்ஃபீல்ட் இந்தியா வந்தது. புல்லட் வண்டிகள் திருவொற்றியூரிலிருந்துதான் நாடெங்கும் போயின. விம்கோ தீப்பெட்டிக் கம்பெனி ஒரு நகருக்கே பெயர் கொடுத்தது. இன்று அந்தப் பெயர் மெட்ரோ ஸ்டேஷனில் இருக்கிறது. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021 பிப்ரவரியில் மெட்ரோ ஓடத் தொடங்கியது. புல்லட் உற்பத்தியின் பெரும்பங்கு ஒரகடத்துக்கும் வல்லம் வடகாலுக்கும் போய்விட்டது.

கூட்டம் ஓய்ந்த பிறகு தம்பி ஒரு பழைய நோட்டை எடுத்துக்காட்டினான். இந்தக் கடையை அவனுக்கு விற்றவர் விட்டுப்போன பற்று நோட்டு. பெயர், தேதி, இட்லி, வடை, டீ. சம்பள நாளில் மொத்தமாகக் கோடு போட்டு அடித்திருந்தது. பக்கம் பக்கமாக ஒரே பெயர்கள் வருஷக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தன. "இப்ப பற்று கிடையாது அண்ணாச்சி. எல்லாம் கான்ட்ராக்ட் ஆளுங்க. மூணு மாசத்துக்கு ஒரு மூஞ்சி. யாருன்னு தெரியாம எப்படிப் பற்று எழுதுறது?" என்றான். 'கடன் அன்பை முறிக்கும்' என்று எங்கள் கடைகளில் எழுதி மாட்டுவோம். மாட்டிவிட்டு, தெரிந்தவனுக்குக் கடன் கொடுத்துக்கொண்டுதான் இருப்போம். ஒரு மனிதன் அடுத்த மாதமும் இதே ஊரில் இருப்பான் என்று கடைக்காரன் நம்புகிற வரைக்கும்தான் அந்த நோட்டுக்கு வேலை. நிரந்தர வேலை போனதன் கதையை அந்த வெற்றுப் பக்கங்களில் படித்தேன்.

எட்டு மணிக்குத் தியாகராஜ சுவாமி கோயிலுக்குப் போனோம். திருவொற்றியூர் பழைய தலம். சுந்தரர் சங்கிலியாரை மணந்த ஊர். கசக்கும் பேய்க்கரும்பு கையில் இனித்த இடத்தில் பட்டினத்தார் அடங்கினார் என்பது ஐதிகம். அவர் சமாதி கடலோரம் இருக்கிறது. என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது வடிவுடையம்மன் சந்நிதிதான். இளவயதில் ராமலிங்க வள்ளலார் ஏழுகிணறு வீராசாமி தெருவில் அண்ணன் வீட்டில் இருந்தார். அங்கிருந்து நடந்தே இந்தக் கோயிலுக்கு வருவார். ஒரு நாள் திரும்ப வெகுநேரம் ஆகிவிட்டது. வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். எழுப்ப மனமில்லாமல் பட்டினியாகத் திண்ணையில் படுத்தார். அம்மன் அண்ணி உருவத்தில் வந்து சோறு போட்டாள் என்று சொல்வார்கள். இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் அம்மன் வந்த நேரம்தான் எனக்கு மனசில் நிற்கும். அடுப்பு அணைந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு வருகிற பசிதான் கொடுமையானது. எங்கள் கடையிலும் கடைசி பஸ் போன பிறகு யாராவது வந்து, சோறு இருக்கிறதா என்று வாசலில் நின்று கேட்பார்கள். என் மனைவி அதற்காகவே ஒரு தூக்கில் தனியாக எடுத்துவைப்பாள். அந்தத் திண்ணையில் படுத்தவர் 1867-ல் வடலூரில் தருமச்சாலை தொடங்கி அடுப்பு மூட்டினார். அந்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை. எந்த நேரத்தில் போனாலும் சோறு உண்டு என்பதை ஒரு சட்டமாகவே செய்துவிட்டார். தன் பசியை அவ்வளவு துல்லியமாக நினைவில் வைத்திருந்த இன்னொருவரை நான் அறியேன்.

மதியத்துக்கு மேல் எண்ணூர். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரம். 1970-ல் தொடங்கி 2017-ல் மூடிய அனல்மின் நிலையம் ஒரு பக்கம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வட சென்னை அனல்மின் நிலையம், அதற்கப்பால் காமராஜர் துறைமுகம். எண்ணூர் இறால் என்றால் ஒரு காலத்தில் சென்னை ஓட்டல்களில் தனி மதிப்பு. தண்ணீர் வற்றும் நேரத்தில் இடுப்பளவு ஆழத்தில் உட்கார்ந்து, சேற்றில் இரண்டு கையாலும் தடவித் தடவி இறால் பிடிக்கிற பெண்களை அன்று பார்த்தேன். பிடித்ததைப் போடும் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, முகம் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிய நகர்ந்தார்கள். சேற்றில் கை பட்டால் இறால் பின்னால்தான் துள்ளும். அதனால் ஒரு கை முன்னே தடவ, இன்னொரு கை பின்னே காத்திருக்கும். மின் நிலையத்தின் சாம்பல் பல ஆண்டுகளாக ஆற்றடியில் படிந்திருக்கிறது. அந்தக் கைகள் துழாவுவது பாதி சேறும் பாதி சாம்பலும்.

கரையேறிய ஒரு அக்காவின் பறியை எட்டிப் பார்த்தேன். அடிப்பக்கம்தான் நிறைந்திருந்தது.

"முன்னெல்லாம் மஞ்ச ஆழி கூட அள்ளுவோம் ஐயா. இப்போ காக்கா ஆழி வந்து எல்லாத்தையும் மூடிடுச்சு. அது மேல கை வச்சா அறுக்குது" என்று விரல்களைக் காட்டினார். ஆழி என்றால் சிப்பி. தென் அமெரிக்கக் கரையிலிருந்து கப்பல்களோடு வந்ததாகச் சொல்லப்படும் கறுப்புச் சிப்பிதான் காக்கா ஆழி. கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கொண்டு தரையைப் பாய் போல மூடிவிடுகிறது. இறால் புதையச் சேறு கிடைப்பதில்லை. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையெல்லாம் படிந்தபோது, ஜனங்கள் வாளியால்தான் அதை அள்ளினார்கள். 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தோடு மறுபடி எண்ணெய் இந்த ஆற்றுக்குள் வந்தது. அதே மாதம் 26-ந் தேதி நள்ளிரவில் ஓர் உரத் தொழிற்சாலையின் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம், பர்மா நகர் மக்கள் மூச்சுத் திணறித் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். ஒருமுறை ரங்கூனை விட்டு ஓடி வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் அவர்களில் இருந்தார்கள். கப்பலும் ஆலையும் மின்சாரமும் நாட்டுக்கு வேண்டும்தான். அந்த அக்காவின் பறி நிறைவதும் நாட்டின் கணக்கில்தான் வர வேண்டும். நான் ஒரு கிலோ கேட்டேன், அவரிடம் அவ்வளவு இல்லை. இருந்ததை வாங்கிக்கொண்டேன்.

கரையில் கொட்டிய கருங்கல் மேல் உட்கார்ந்ததும் தம்பி தன் யோசனையைச் சொன்னான். மெட்ரோ ஸ்டேஷன் பக்கம் ஒரு இடம் வாடகைக்கு வருகிறது. கண்ணாடிக் கதவு, ஏசி, போட்டோ போட்ட மெனு கார்டு. காலை எட்டு மணிக்குத் திறந்தால் போதும், தூங்கவாவது செய்யலாம் என்றான். அவன் கண்கள் சிவந்திருந்தன. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது.

"பத்து மணி ஷிப்டு விட்டு வர்றவங்க ராத்திரி எங்க சாப்பிடுறாங்க?" என்று கேட்டேன்.

"எங்கயும் இல்ல அண்ணாச்சி. கடையெல்லாம் சாத்திடுறோம்ல. ரூம்ல போயி பொங்கித் திங்கிறாங்க. பாதிப் பேரு பீகார், ஒடிசா பசங்க."

"சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்குற பைக் பசங்க?"

"அவனுங்களும் பன்னுதான்."

"அப்ப எட்டு மணிக்குத் திறக்குற கடையை மெட்ரோக்காரங்க யாராவது வைக்கட்டும். நீ காலைக் கடையை ஆறு மணியோட நம்ம மாஸ்டர் கையில விடு. நீ தூங்கு. ராத்திரி ஒன்பதரைக்கு மறுபடி திற. ஒரு மணி வரைக்கும். ஒரு தோசைக்கல்லைச் சப்பாத்திக்குன்னு ஒதுக்கிரு. பருப்பு, உருளைக்கிழங்கு, பச்சை மிளகாய், வெங்காயம், அவ்வளவுதான். முட்டை வேணும்னா உண்டு."

"சப்பாத்தி போட ஆளு?"

"அந்தப் பசங்கள்ல ஒருத்தன் அம்மா கையில பாத்திருப்பான். ஞாயித்துக்கெழமை ரூமுக்குப் போயி விசாரி."

அவன் போனை எடுத்து கோதுமை மாவு மூட்டை என்ன விலை என்று பார்த்தான். இருபது கிலோவிலிருந்து ஆரம்பிக்கலாமா என்று கேட்டான். பத்து போதும், மீந்தால் மனசு விட்டுப்போகும் என்றேன். பருப்பு விலையில் இருவருக்கும் ஒத்துவரவில்லை. அவன் துவரம்பருப்பு என்றான், நான் பாதி மசூர் கலக்கச் சொன்னேன். இறாலைக் கெட்டுப்போவதற்குள் சமைக்க வேண்டும் என்பதால் மிச்சக் கணக்கைக் கடையில் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று வண்டியை எடுத்தான்.